பெயரைத் தேடாமல் வீட்டைத் தேடுவோம்: ஸ்கொட்லாந்து மூதாதையரும் மூன்று பதிவேடுகளும்

மலையகத் தோட்டங்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஹொலிரூட், டன்சினன், பல்மோரல், எடின்பரோ, டன்கெல்ட். ஒன்று அரண்மனை, ஒன்று குன்று, ஒன்று கோட்டை, ஒன்று தலைநகர், ஒன்று சிற்றூர். ஐந்தும் ஸ்கொட்லாந்தில் உள்ளவை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இங்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர் நினைவில் வைத்த பெயர்கள் அவை. துரைமார் போய்விட்டார்கள், பெயர்கள் நின்றுவிட்டன. சில குடும்பங்களில் பெயர் மட்டுமல்ல, இரத்தமும் நின்றுவிட்டது.

அப்படிப்பட்ட இரண்டு மூன்று குடும்பங்களுக்காக, கடந்த சில வருடங்களாக நான் ஸ்கொட்லாந்துப் பதிவேடுகளைப் பார்த்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்கொட்லாந்தில் உறவு கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு சமூகம் தன் மனிதர்களை எப்படி எழுதி வைத்தது, எதை எழுதாமல் விட்டது, எழுதியதை நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்பவை எல்லோருக்கும் பயன்படும் கேள்விகள்.

மூன்று வாசல்கள்

ஸ்கொட்லாந்தில் வம்சம் தேடுபவருக்கு மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, 1855 ஜனவரி 1 தொடக்கம் அரசாங்கம் கட்டாயமாக நடத்திய பிறப்பு, விவாக, இறப்புப் பதிவு. இரண்டாவது, பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிசன மதிப்பு. 1801இலேயே இது தொடங்கினாலும், நாடு முழுவதற்கும் ஆட்களின் பெயர்களோடு நமக்குக் கிடைப்பது 1841 தொடக்கம்தான். மூன்றாவது, ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகள். 'பங்கு' என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி. நமது மஹல்லா போல என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 900 பங்குகளின் ஞானஸ்நானம், விவாக அறிவித்தல், அடக்கம் ஆகியவை இவற்றில் எழுதப்பட்டுள்ளன. மிகப் பழையது பேர்த்ஷயர் பகுதியிலுள்ள எரோல் என்ற பங்கின் 1553ஆம் வருடப் பதிவு. 1854 வரை இவை செல்லும்.

மூன்றும் இன்று எடின்பரோவில், ஸ்கொட்லாந்து தேசிய ஆவணகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 'ஸ்கொட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அதன் இணையத்தளத்தில் பெயர் அட்டவணையைத் தேடலாம். அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. ஆனால் ஆட்கள் உயிரோடு இருக்கக்கூடிய காலத்துப் பதிவுகளை இணையத்தில் காட்டமாட்டார்கள். பிறப்புக்கு 100 வருடம், விவாகத்துக்கு 75, இறப்புக்கு 50 என்று கணக்கு. குடிசன மதிப்புக்கும் 100 வருடம் பூட்டு. 1921ஆம் வருடத்து மதிப்பு 2022 நவம்பரில்தான் திறந்துவிடப்பட்டது.

வாசல் மூன்று என்றாலும் நடக்கும் வழி ஒன்றுதான்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, பின்னோக்கி, ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாக. பலர் செய்வது இதற்கு நேர்மாறு. பழைய பங்குப் பதிவேட்டில் தங்கள் குடும்பப் பெயர் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிலிருந்து கீழே இறங்கி வரப் பார்ப்பார்கள். அப்படி வந்தால் ஏதோ ஒரு குடும்பம் கிடைக்கும். அது நமது குடும்பமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உம்மாவின் பெயர்

அரசாங்கப் பதிவிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் இந்தப் பதிவு 1837இலேயே ஆரம்பித்துவிட்டது. ஸ்கொட்லாந்து 18 வருடம் பிந்தியது. பிந்தினாலும் திருத்தமாகச் செய்தது. அக்காலத்து இங்கிலாந்தின் இறப்புப் பத்திரத்தைப் பார்த்தால் இறந்தவரின் பெற்றோர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. ஸ்கொட்லாந்தின் இறப்புப் பத்திரத்தில் தகப்பனின் பெயரும் தாயின் பெயரும் கேட்கப்பட்டன. அதுவும் தாய் கலியாணத்துக்கு முன் கொண்டிருந்த குடும்பப் பெயரோடு. விவாகப் பத்திரத்திலும் மாப்பிள்ளை, பெண் இருவரின் தாய் தகப்பன் பெயர்களும் அப்படியே வரும்.

இதற்குக் காரணம் பழைய ஸ்கொட்லாந்து வழக்கம். அங்கே ஒரு பெண் கலியாணம் முடித்தாலும் சட்டப் பத்திரங்களில் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. நடுகல்லிலும் 'இன்னாரின் மனைவி' என்றதோடு அவளுடைய சொந்தக் குடும்பப் பெயரே செதுக்கப்பட்டிருக்கும். நமது கிழக்கு மாகாணத்தில் குடி முறை தாய்வழியாக வருவதை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். ஆனால் 'நீ எந்தக் குடி?' என்று கேட்டால் பதில் உம்மாவிடமிருந்து வரும். ஸ்கொட்லாந்தில் தாய்வழிக் குடி முறை இருக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய பதிவேடு உம்மாவின் வீட்டை மறக்கவில்லை.

முதல் வருடமான 1855இன் பதிவுகள் தனி அதிசயம். பிறப்புப் பதிவில் தாய் தகப்பனின் வயது, அவர்கள் பிறந்த இடம், எங்கே எப்போது கலியாணம் முடித்தார்கள், அந்தப் பிள்ளைக்கு முன் எத்தனை பிள்ளைகள், அவற்றில் எத்தனை மௌத்து, எல்லாம் கேட்டு எழுதினார்கள். இறப்புப் பதிவில் இறந்தவரின் பிள்ளைகளுடைய பெயர்கள் வயதோடு இருக்கும். பதிவாளர்களுக்கு வேலை தாங்க முடியவில்லை. அடுத்த வருடமே பல கேள்விகளை நீக்கிவிட்டார்கள். 1861இல் பெற்றோரின் விவாகத் திகதியும் இடமும் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தன. ஆகவே, தேடுபவர் குடும்பத்தின் எந்தக் கிளையிலாவது 1855இல் ஒரு பிறப்போ மௌத்தோ நடந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு நேரடி மூத்தப்பாவாக இருக்க வேண்டியதில்லை. மூத்தப்பாவின் தம்பியின் பிள்ளையாக இருந்தாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. இறப்புப் பதிவில் தகவல் சொல்பவர் இறந்தவரல்ல. மகனோ மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்வதைப் பதிவாளர் எழுதுகிறார். தன் உம்மும்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை எத்தனை பேர் திருத்தமாகச் சொல்வோம்? நமக்குள்ளேயே கேட்டுப் பார்த்தால் விளங்கும். ஆகவே தகவல் சொன்னவர் யார், என்ன உறவு என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இரவின் கணக்கு

குடிசன மதிப்பு என்பது ஓர் இரவில் யார் யார் எந்த வீட்டில் படுத்திருந்தார்கள் என்ற கணக்கு. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பியதை வாங்கி, கணக்கெடுப்பாளர் ஒரு புத்தகத்தில் பிரதி பண்ணுவார். நாம் இன்று வாசிப்பது அந்தப் பிரதியை. ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் அது வீட்டுக்காரரின் பிழையா, பிரதி பண்ணியவரின் பிழையா என்று சொல்ல முடியாது. கேலிக் மொழி பேசிய மலைநாட்டிலும் தீவுகளிலும் பெயர்கள் இன்னும் உருமாறின. கேலிக்கில் ஒன்று, ஆங்கில எழுத்தில் இன்னொன்று. 'மக்' என்ற முன்னொட்டு ஒரு வருடம் இருக்கும், அடுத்த முறை காணாமற் போயிருக்கும்.

1841 ஜூன் 6ஆம் திகதி மதிப்பில் உறவுமுறை எழுதவில்லை. ஒரு வீட்டில் 40 வயது ஆணும் 40 வயதுப் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா, தெரியாது. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆவார், 39 வயதுக்காரர் 35 ஆவார். இதை அறியாமல் பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டு, வேறொருவரைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். பிறந்த இடம் பற்றியும் 'இதே மாவட்டமா, இல்லையா' என்ற அளவுதான்.

1851 மார்ச் 30ஆம் திகதி மதிப்புத்தான் உண்மையில் நமக்கு உதவத் தொடங்குகிறது. வீட்டுத் தலைவரோடு உறவு, சொன்னபடி வயது, கலியாணமானவரா, பிறந்த பங்கு எது என்பவை எல்லாம் இருக்கும். இந்தப் பிறந்த பங்கு என்ற ஒரு சொல்தான் குடிசன மதிப்பிலிருந்து பழைய தேவாலயப் பதிவேட்டுக்குப் போகும் பாலம்.

பிந்திய மதிப்புகள் ஒவ்வொன்றும் அந்தக் காலத்து அரசாங்கத்தின் கவலையைக் காட்டுகின்றன. 1861இல் 'சாளரம் உள்ள அறைகள் எத்தனை?' என்று கேட்டார்கள். அந்த வருடம் ஸ்கொட்லாந்தின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒற்றை அறை வீடுகள். ஒரு பக்கத்தில் தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள், மேலதிகமாக ஒரு வாடகைக்காரர் என்று பார்த்துவிட்டு, கடைசி நிரலில் '1' என்ற இலக்கத்தைப் பார்க்கும்போது மனது கொஞ்சம் நின்றுவிடும். 1881இல் கேலிக் பேசுபவர் யார் என்று முதன்முறையாகக் குறித்தார்கள். 1911இல் கலியாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன என்று கேட்டார்கள். 'பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து' என்று ஒரு வரி. அந்த நான்கு பிள்ளைகளும் வேறெந்த மதிப்பிலும் அகப்படாமற் போயிருக்கலாம்.

பத்து வருட இடைவெளியில் என்ன நடந்தது என்பதையும் குடிசன மதிப்பு சொல்லாமல் சொல்லும். வடக்கே ரொஸ் பகுதியில் கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கு. 1845 மே மாதம் அங்கே குடியிருந்த பதினெட்டுக் குடும்பங்களைச் செம்மறி ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றினார்கள். போக இடமில்லாமல் குரோயிக் தேவாலயத்தின் முற்றத்தில் தங்கியவர்கள், அதன் சாளரக் கண்ணாடியில் தங்கள் செய்தியைக் கீறி வைத்தார்கள். அந்தக் கீறல்கள் இன்றும் அழியவில்லை. 1841இல் கணக்கெடுத்த வீடுகளை 1851இல் அங்கே தேடுவது வீண். அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள் என்றும் முடிவு செய்யக் கூடாது. ஒரு குடும்பம் மதிப்பிலிருந்து மறைந்தால், அந்த ஊருக்கு என்ன நடந்தது என்று முதலில் வாசியுங்கள்.

திருச்சபையின் பழைய புத்தகங்கள்

1855க்கு முன்னால் போனால் அரசாங்கம் இல்லை, பங்குப் புத்தகம்தான். இங்கே நமது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அது பிறப்பை அல்ல, பெரும்பாலும் ஞானஸ்நானத்தைப் பதிந்தது. விவாகத்தை அல்ல, விவாக அறிவித்தலைப் பதிந்தது. நம் நாட்டுக் கத்தோலிக்கர் 'ஓலை வாசித்தல்' என்பார்களே, அது. மாப்பிள்ளையின் பங்கு வேறு, பெண்ணின் பங்கு வேறு என்றால் இரண்டிலும் பதிவு இருக்கலாம். அறிவித்தல் இருப்பதால் கலியாணம் நடந்தது என்றும் நிச்சயம் சொல்ல முடியாது.

அடக்கப் பதிவு இன்னும் குறைவு. பல பங்குகளில் அடக்கம் பற்றி மிஞ்சியிருப்பது ஒரு வரவுக் கணக்குத்தான். பெட்டியின் மேல் போர்த்தும் துணியைத் தேவாலயம் வாடகைக்குக் கொடுத்தது. அந்தப் பணம் ஏழைகளின் நிதிக்குப் போனது. நமது பள்ளிவாசலில் சந்தூக்கு ஊருக்குப் பொதுவாக இருப்பது போல, அந்தத் துணி பங்குக்குப் பொது. யாருக்கு, எந்தத் திகதியில், எவ்வளவு பணத்துக்குத் துணி போனது என்ற கணக்கிலிருந்து ஒரு மனிதரின் முடிவை ஊகித்துக்கொள்கிறோம். துணிக்குக் காசில்லாத வீட்டின் மௌத்து பல வேளை அந்தக் கணக்கில் வராது.

காசு இன்னொரு விதத்திலும் குறுக்கே நின்றது. 1783 தொடக்கம் 1794 வரை, பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் அடக்கத்துக்கும் அரசாங்கம் மூன்று பென்ஸ் முத்திரை வரி போட்டது. பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்தாலும் மற்றப் பலர் பதிவதையே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளைகள் பதிவில் இருந்து, இளையவர்கள் இல்லாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

திருச்சபைக்குள் நடந்த பிரிவுகளும் பதிவைக் குலைத்தன. பெரிய பிளவு 1843இல் நடந்தது. 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். அவர்களோடு போன குடும்பங்களின் பிள்ளைகள் பழைய பங்குப் புத்தகத்தில் வராமல், தனிச் சபையின் புத்தகத்தில் வந்தார்கள், அல்லது எங்கும் வரவில்லை. கத்தோலிக்கருக்கும் எபிஸ்கோப்பல் சபையாருக்கும் தனிப் பதிவேடுகள். மலைநாட்டிலும் தீவுகளிலும் பல பங்குகளின் பதிவேடே மிகவும் பிந்தித்தான் தொடங்குகிறது. எனவே பங்குப் பதிவேட்டில் ஒருவர் இல்லை என்பதற்கு, அவர் அங்கே பிறக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஒரே பெயரில் ஐந்து பேர்

ஸ்கொட்லாந்தில் பெயர்ப் பஞ்சம் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாமவனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூன்றாமவனுக்குத் தகப்பனின் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தகப்பனின் தாய் பெயர். நம்மிடமும் மூத்தப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது உண்டுதானே. நான்கு சகோதரர்கள் தங்கள் மூத்த மகனுக்குத் தங்கள் தகப்பனின் பெயரையே வைத்தால், ஒரே பங்கில், ஒரே வயதில், ஒரே பெயரில் நான்கு பேர். வடகிழக்குக் கரையிலுள்ள மீனவ ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பட்டப்பெயர் இல்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது. அந்தப் பட்டப்பெயர் சில நேரம் பதிவேட்டுக்குள்ளும் ஏறிவிட்டது. இதைச் சொன்னதும் நமது ஊர்களின் பட்டப்பெயர்கள் வாசகர்களுக்கு ஞாபகம் வரும், நான் எழுதத் தேவையில்லை.

பெயர் வைக்கும் ஒழுங்கு ஒரு துப்பு, சட்டம் அல்ல. அதை வைத்து 'மூத்தவனின் பெயர் இது, ஆகவே மூத்தப்பாவின் பெயரும் இதுதான்' என்று மரத்தை வரைந்துவிடக் கூடாது. பதிவில் சாட்சி கிடைக்கும்வரை அது ஊகம்தான்.

அப்படியானால் ஒரே பெயருள்ளவர்களை எப்படிப் பிரிப்பது? இதற்குத்தான் வீட்டைத் தேட வேண்டும் என்கிறேன். தாயின் குடும்பப் பெயர், சகோதரங்கள், தகப்பனின் தொழில், குடியிருந்த தோட்டம் அல்லது தெரு, ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்கள். ஒரு பெயர் ஐந்து பேருக்குப் பொருந்தலாம், ஒரு முழு வீடு ஒருவருக்குத்தான் பொருந்தும்.

நாமெல்லாம் அறிந்த ஒருவரை உதாரணமாக எடுப்போம். இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர். பிறந்தது 1835 மார்ச் 29, கின்கார்டின்ஷயரில் ஓக்கன்பிளே ஊருக்குக் கிட்ட. டெய்லர் என்ற பெயர் ஸ்கொட்லாந்தில் மிகவும் சாதாரணம், ஜேம்ஸ் அதைவிடச் சாதாரணம். ஆனால் தகப்பன் மைக்கல், வண்டிச் சில்லுத் தச்சர். தாய் மார்கரெட் மொயர். இந்த இரண்டு வரி தெரிந்தால் தேடல் ஒரே வீட்டுக்குள் சுருங்கிவிடும். 1855க்கு முந்திய பிறப்பு என்பதால் பார்க்க வேண்டியது ஓக்கன்பிளே உட்பட்ட போர்டன் பங்கின் புத்தகம். 1841 மதிப்பில் ஆறு வயதுப் பையனாகத் தேட வேண்டும். 1851 மதிப்பு எடுத்தது அவருக்குப் பதினாறு நிறைந்ததற்கு அடுத்த நாள். 1852இல் அவர் இலங்கையில். ஆகவே 1861இல் அவரைத் தேடுவது வீண்வேலை. தாய் அவருக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது இறந்தார். அது 1855க்கு முன்னால், எனவே அரசாங்க இறப்புப் பத்திரம் கிடையாது. 1892இல் அவர் மௌத்தானது இங்கே. அடக்கம் கண்டி மஹய்யாவையில்.

தாயின் பெயர் இன்னொன்றையும் காட்டுகிறது. டெய்லர் வருமுன்பே அவருடைய மொயர் குடும்பத்து உறவினர் ஒருவர் இலங்கைத் தோட்டத்தில் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் இளைஞர்கள் இங்கே வந்தது பெரும்பாலும் உறவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். தகப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவருக்கு இந்தக் கயிறு கண்ணில் படாது.

தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை

பதிவேடுகளில் மிகவும் வலிக்கும் இடம் இது. 1855க்குப் பின், கலியாணம் முடிக்காத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எழுத வேண்டுமானால் அவரும் கூட வந்து கையொப்பம் வைக்க வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வெறுமை. பிள்ளையின் பெயருக்குக் கீழே 'முறைகேடாகப் பிறந்தது' என்ற ஒரு சொல்லையும் எழுதினார்கள். பிறகு நீதிமன்றம் தகப்பன் இன்னாரென்று தீர்த்தால், திருத்தப் பதிவேடு என்ற தனிப் புத்தகத்தில் அது ஏறும். பெற்றோர் பின்னர் கலியாணம் முடித்தால் ஸ்கொட்லாந்துச் சட்டம் அந்தப் பிள்ளையை முறையான பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

1855க்கு முன்னால் இந்த விசாரணையைப் பங்குச் சபை நடத்தியது. போதகரும் மூப்பர்களும் கூடி, பெண்ணை அழைத்துத் 'தகப்பன் யார்?' என்று கேட்டு எழுதிவைத்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் நின்று கண்டனம் கேட்க வேண்டும். கவிஞர் றொபேர்ட் பேர்ன்ஸ் 1786இல் அப்படி நின்றவர். ஜீன் ஆமரோடு அவர் செய்த விவாகத்தை மொக்லின் பங்குச் சபை ஏற்றுக்கொண்டது 1788 ஆகஸ்டில். அந்தச் சபைக் குறிப்புகள் இருவரையும் அவமானப்படுத்த எழுதப்பட்டவை. இன்று அவையே பல குடும்பங்களுக்கு மூத்தப்பாவின் பெயரைத் திருப்பிக் கொடுக்கின்றன. எழுதியவரின் நோக்கம் ஒன்று, வாசிப்பவருக்குக் கிடைக்கும் பயன் வேறொன்று.

ஒரு மூதாட்டியின் கேள்வி

கண்டிப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம். பெயர் வேண்டாம். அந்த வீட்டு மூதாட்டி என்னிடம் சொன்னார்: "எங்கட உம்மாட வாப்பா வெள்ளக்காரத் தொரை எண்டு சொல்லுவாங்க. அத வெச்சி ஊர்ல பேசின பேச்சும் கொஞ்சமில்ல. எனக்கு அவர்ட சொத்தும் வேணாம், பவுசும் வேணாம். அவர்ட உம்மாட பேரு என்ன எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மகன்."

கையில் இருந்தது துரையின் பெயர், தோட்டத்தின் பெயர், இரண்டும்தான். உம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமை. தேடலை நான் இலங்கையில்தான் தொடங்கினேன். பேர்கசன் இலங்கை வழிகாட்டி நூல்களில் தோட்டம் தோட்டமாகத் துரைமாரின் பெயர்கள் உண்டு. அதில் அவர் எந்த வருடங்களில் அங்கே இருந்தார் என்று தெரிந்தது. அவருடைய நடுகல்லில் வயதும், பிறந்த பங்கின் பெயரும் இருந்தன. அந்தப் பங்கின் புத்தகத்தைத் திறந்தால், மூன்று வருட இடைவெளியில் அதே பெயரில் இரண்டு பையன்கள். 1851 மதிப்பிலும் இருவரும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கிறார்கள்.

நடுகல்லின் வயது இருவருக்குமே ஏறத்தாழப் பொருந்தியது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. அரசாங்க இறப்புப் பதிவில் தேடியபோது, ஒருவர் வாலிபத்திலேயே அதே ஊரில் இறந்திருந்தார். தாயின் குடும்பப் பெயர் இருந்தபடியால் அது எந்த வீட்டுப் பையன் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அப்படியானால் மற்றவர்தான் நம் ஆள் என்று முடிக்கலாமா? முடிக்கலாம்போல் இருந்தது, ஆனால் சாட்சி போதாது. வெளிநாட்டில் இறந்தாலும் ஸ்கொட்லாந்தில் சொத்து வைத்திருந்தவர்களின் உயில்கள் எடின்பரோவில் பதியப்பட்டன. அங்கே அவருடைய உயில் கிடைத்தது. தோட்டத்தின் பெயர் அதில் இருந்தது. சொத்து தங்கைக்கு, அவருடைய கணவனின் பெயரோடு. தங்கையின் விவாகப் பதிவை எடுத்தேன். தாய் தகப்பன் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இரண்டாவது பையனின் வீட்டோடு பொருந்தின. பின்னர் அந்தத் தாயின் இறப்புப் பதிவும் கிடைத்தது. அதில் அவருடைய தாயின் பெயர்கூட இருந்தது.

அந்த உயிலில் இலங்கையில் ஒரு பெண்ணைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. இதை நான் மூதாட்டியிடம் மறைக்கவில்லை. ஸ்கொட்லாந்துப் பதிவேடுகள் அந்தத் துரை யாரென்று நிரூபித்தன. அவர்தான் இவருடைய உம்மாவின் வாப்பா என்று அவை நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. அந்த இணைப்புக்கு இருக்கும் சாட்சி குடும்பத்தின் வாய்மொழி மட்டும்தான். மரபணுப் பரிசோதனை செய்து, அங்கே தங்கையின் வழியில் வந்தவர்களோடு ஒப்பிட்டால் ஒருவேளை தெரியும். பத்திரம் பேசுவது எது, குடும்பம் பேசுவது எது என்று இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுத்தேன். மூதாட்டி அந்தத் தாயின் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "இவவுக்குத் தெரிஞ்சிருக்குமா, இஞ்ச ஒரு பேத்தி இருக்கிறா எண்டு?" என்று கேட்டார். எந்தப் பதிவேட்டிலும் அதற்கு விடை இல்லை.

தேடப் போகிறவர்களுக்கும், போகாதவர்களுக்கும்

தேட விரும்புகிறவர்கள் இந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களின் ஞாபகத்தை எழுதுங்கள், சொன்னவர் யார் என்ற குறிப்போடு. இரண்டாவது, இலங்கையிலுள்ள சான்றுகளை முடியுங்கள்: பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பத்திரங்கள், பழைய வழிகாட்டி நூல்கள், கண்டியிலும் தோட்டங்களிலும் உள்ள நடுகற்கள். பிறந்த பங்கு தெரியாமல் ஸ்கொட்லாந்துக்குள் இறங்குவது, ஊர்ப் பெயர் தெரியாமல் பஸ் ஏறுவது போல. மூன்றாவது, அரசாங்கப் பதிவு, குடிசன மதிப்பு, பங்குப் புத்தகம் என்ற ஒழுங்கில் பின்னோக்கிச் செல்லுங்கள். நான்காவது, அட்டவணையை மட்டும் நம்பாமல் அசல் பக்கத்தைப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள வரிகளில் உறவினர் இருப்பார்கள். ஐந்தாவது, ஒரே பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா என்று வேண்டுமென்றே தேடுங்கள். அவரை விலக்கிய பிறகுதான் உங்கள் ஆள் உறுதியாவார்.

தேடப் போகாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல்களின் பழைய நிக்காஹ் புத்தகங்களும் சந்தா ஏடுகளும் மையவாடிக் கணக்குகளும் நமது பங்குப் பதிவேடுகள். சந்தா கொடுத்தவர் யார், கபுறுக் கூலி கட்டியவர் யார் என்பதற்காக எழுதியவை, நாளை பேரப்பிள்ளைகளுக்கு வம்சம் சொல்லும். கறையான் தின்னுமுன் அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் ஒரு கொப்பி எடுத்து உம்மா, உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று பெண்களின் பெயர்களை, பிறந்த ஊரோடு, முழுமையாக எழுதுங்கள். நமது பத்திரங்களில் ஆண்களின் பெயர் முதலெழுத்தாகவாவது தப்பிவிடும். பெண்களின் பெயர் எழுதினால்தான் நிற்கும்.